ஒரு காம்பராவில் எத்தனை குடும்பம்

மேக்கணக்கு லயம்,
றக்வான.

அன்பு மகள் பிரஷாந்தினிக்கு,

இங்கே மழைக்கும் என் வாய்க்கும் குறைவில்லை, மற்றபடி சுகம். ஜோர்தானில் உன் உடம்பும் வேலையும் எப்படி என்று நாலு வரி எழுது. போனில் சொன்னால் பாதியில் சிரித்துவிடுவாய், அதனால்தான் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

தோட்டத்தில் புது வீட்டுக்குப் பெயர் எடுக்கிறார்கள், குடும்பத்துக்கு ஒரு வீடு, ஏழு பேர்ச் காணியோடு. போன செவ்வாய்க்கிழமை கொடகவெலயிலிருந்து ஹிமாயா என்று ஒரு பிள்ளை நிரப்ப வேண்டிய பாரத்தோடு வந்தது. எத்தனை பேர், என்ன வயது, என்ன வருமானம், கூரை தகரமா, கக்கூஸ் தனியா பொதுவா, எல்லாம் கேட்டது. நான் வாத்தியார் இல்லையா, கேட்காததற்கும் பதில் சொன்னேன். உன் சித்தப்பா ஜெயகாந்தன் ஒன்பது வருசத்துக்கு முன்னால் என்னைக் கேட்காமல் லயத்தில் நமக்கிருந்த ஒரே அறையான காம்பராவுக்கு நடுவில் பலகை அடித்ததையும், குழாய்ப் பக்கத்தை அவனே எடுத்துக்கொண்டதையும், அன்றிலிருந்து பேச்சு இல்லாததையும் தேதியோடு சொல்லி, ஆகவே இது இரண்டு குடும்பம் என்று முடித்தேன். அது பொறுமையாகக் கேட்டுவிட்டு, சேர், நாங்க பலகையைப் பாக்கிறதில்ல, அடுப்பத்தான் பாப்போம், ஒரே உலையில சாப்பிட்டா ஒரே குடும்பம், உங்க அடுப்பக் காட்டுங்க என்றது.

அடுப்பின் மேல் நான் எழுதும் பெட்டிச மனுக்களின் கட்டு இருந்தது. உன் அம்மா போன பிறகு அதை மூட்டியது யார்? நானே சமைக்கிறேன், பருப்பு நன்றாக வருகிறது என்று போனில் உன்னிடம் அளந்துவிட்டதெல்லாம் பொய். அந்த நேரம் பார்த்து சித்தி சுமித்ரா பலகை இடுக்கால் தட்டை நீட்டி, மாமா, ரொட்டி ஆறுது, சம்பல்ல உப்புக் கூடன்னா இன்னைக்காவது வாயத் தெறந்து சொல்லுங்க என்கிறாள். ஒன்றரை வருசமாக மூன்று வேளையும் இப்படித்தான். ஹிமாயா தட்டைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது.

அப்போது அந்தப் பக்கமிருந்து ஜெயகாந்தன், என்னிடம் இல்லை, அந்தப் பிள்ளையிடம், அண்ணன் வேற குடும்பந்தான் மிஸ், சோறு நாங்க சும்மா குடுக்கிறது, அவரு மக வந்தா இருக்க வீடு வேணும், ரெண்டுன்னே எழுதுங்க என்றான். ஒன்பது வருசமாக நான் கத்திய அதே பேச்சு, அவன் வாயிலிருந்து வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்று என்று எழுதும்மா என்று கத்திவிட்டேன். குடும்பத் தலைவர் யார் என்று ஹிமாயா கேட்டது. தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் பெயர் உள்ளவன் அவன்தானே. எட்டாம் வகுப்போடு நின்றவன் தலைவர், பட்டதாரி நான் தலைவரின் அண்ணன், கையெழுத்தும் போட்டேன், அழகாக.

ஆகவே மகளே, நீ வந்து இருக்கத் தனி வீடு என்று நான் சொன்னது என் வாயாலேயே போனது. அப்பீல் போடப் பதினான்கு நாள் தந்திருக்கிறார்கள். தோட்டம் முழுவதற்கும் பெட்டிசம் எழுதிக் கொடுக்கிறவன் நேற்று எனக்காக உட்கார்ந்தேன், "ஐயா, நான் தனிக் குடும்பம்" என்பதற்கு மேல் பேனா போகவில்லை. வீடு உனக்காகத்தான். வேண்டும் என்று நீ ஒரு வார்த்தை எழுதினால் அந்தப் பொய்யையும் எழுதிவிடுகிறேன். வேண்டாம் என்றால், ஒரே வீடு போதும் என்று உன் சித்தப்பாவுக்கு நீயே போன் பண்ணிச் சொல், எனக்கு அவனோடு பேச இன்னும் வாய் வரவில்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொள், ஓவர்டைம் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மாரியம்மன் உனக்குத் துணை இருப்பாள். பதில் இருபதாம் தேதிக்குள் வரவேண்டும், மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
வை. நடராஜா