பிளெக்ஸில் எழுதிய மருந்து

வாடிப்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சத்யப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். மனசு வரவில்லை, விட்டுவிட்டேன்.

ஹைதராபாத்துக்குப் போன் போடாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன் உன் அம்மா கையில்தான் இருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மதுரை டாக்டர் கொடுத்த மூட்டுவாத மாத்திரையை அவள் இரண்டு மாதமாகத் தொடவில்லை. நேற்று மாவுக்கு ஊறப்போட உளுந்து எடுத்தேன். டப்பாவுக்குள் அட்டை அட்டையாகக் கிடக்கிறது. முடக்கத்தான் இலையை அரைத்து இரண்டு வேளையும் குடிக்கிறாளாம். கத்தினேன். எம் மக கண்டுபிடிச்ச மருந்த நானே குடிக்கலைன்னா ஊருல வேற யாரு குடிப்பா என்று என்னையே கேட்கிறாள்.

ஆத்திரம் தாங்கவில்லை எனக்கு. அவள் மேல், உன் மாமா சிவனாண்டி மேல், எல்லோரையும் விட என் மேல். உன் ஆராய்ச்சிக் கட்டுரை வந்ததும் மாமா பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸ் வைத்தாரே, அந்த வாசகம் நான் எழுதியது. 'முடக்கத்தானிலிருந்து பிரித்த ஒரு பொருள் ஆய்வுக்கூடத்துச் செல்களில் வீக்கத்தைக் குறைக்கிறது' என்று, நீ சொன்னபடிதான் முதலில் கொடுத்தேன். இம்புட்டு நீளமா எழுதுனா மருமக மொகத்த எங்க வைக்கிறது மாப்ள என்றார். உடனே 'மூட்டுவலிக்கு மருந்து கண்ட எங்கள் குலவிளக்கே' என்று சுருக்கிக் கொடுத்தேன். படிக்கப் படிக்க எனக்கும் இனிக்கத்தான் செய்தது.

எலிக்குக்கூட இன்னும் கொடுக்கவில்லை, ஒரு மூட்டை இலையில் அந்தப் பொருள் ஒரு சிட்டிகைதான் தேறும் என்று நீ சொன்னதையெல்லாம் எடுத்துச் சொல்லிவிட்டேன். ஒமக்கு என்ன தெரியும் என்கிறாள். இதில் பக்கத்து வீட்டு மீனாவின் மாமியாருக்கும் அரைத்துக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறாள்.

நீ கேட்கும்போதெல்லாம் வலி குறைந்துவிட்டது என்கிறாளே, நம்பாதே. வலி என்று சொன்னால் உன் ஆராய்ச்சிக்குக் கெட்ட பேர் வந்துவிடுமாம். சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிடுகிறாள். அதையும் நான் இல்லாத நேரமாகப் பார்த்து.

நேற்றுச் சாயங்காலமே போய் பிளெக்ஸை அவிழ்த்து வந்து, எழுத்து அடிப்பக்கம் போகும்படி விறகின் மேல் போட்டு மூடினேன். காலையில் பார்த்தால் உன் முகம் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டிருக்கிறாள். மூலைக் கயிற்றை முடிச்சுப் போட முடியாமல் சும்மா சுற்றி விட்டிருக்கிறாள்.

அவள் பெயருக்கே ஒரு கடிதம் எழுது, தாயே. நீ கண்டது இன்னும் மருந்தாகவில்லை என்று உன் கையெழுத்தில் எழுது. அப்படி எழுத உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று தெரிந்துதான் கேட்கிறேன். மாத்திரை சாப்பிட்டால் உன்னை விட்டுக்கொடுத்ததாக ஆகாது என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள். கூரியரில் அனுப்பு. வந்த அன்றே அவளை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்.

உன் வேலை நல்லபடியாகக் கைகூடட்டும். அது நிஜமாகவே மருந்தாகும் நாளில் ஒரு சொல்லும் சுருக்காமல் நானே எழுதித் தருகிறேன். அந்த பிளெக்ஸைக் கட்டும்போது முடிச்சுப் போட உன் அம்மாவின் கை வேண்டும்.

உன் அப்பா,
முத்திருளன்.