விண்ணப்பத்தில் ஒரு சிறுத்தை

10 மார்ச் 1991, ஞாயிறு

குறிபார்த்துச் சுடும் கிளப்பில் இன்றோடு ஆறு மாதம் முடிந்தது. பயிற்சிக்காலம் போய் முழு உறுப்பினர் ஆகிவிட்டேன். செயலாளர் பீற்றர் எல்லோருக்கும் முன்னால் கைகொடுத்தார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. அப்படிக் கைதட்டல் அந்தக் கிளப்பில் உலகப் போருக்குப் பிறகு யாருக்கும் கிடைக்கவில்லையாம்.

இனிச் சொந்தமாக ஒரு துவக்கு வாங்கலாம். கிளப்பில் இருப்பதெல்லாம் வலக்கைக்காரருக்குச் செய்தவை. ஒவ்வொரு வெடிக்கும் வலப்பக்கத்துப் பிடியை இழுத்துத் தள்ள வேண்டும். நான் இடக்கை. துவக்குக்கு மேலால் கையைச் சுற்றிக் கொண்டுபோய் இழுப்பதற்குள் அடுத்தவன் நாலு வெடி வைத்துவிடுவான். "அம்பல், நீ சுடுகிறாயா, வயலின் வாசிக்கிறாயா?" என்று பீற்றர் கேட்கிறார். இடக்கைக்கென்றே செய்த துவக்கும் உண்டு. விலை என் காரைவிடக் கூட.

ஆகவே முடிவெடுத்துவிட்டேன். அரைத் தானியங்கிதான். ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு வெடி. அடுத்த தோட்டா தானாக ஏறி நிற்கும். இடக்கையோ வலக்கையோ அதற்குக் கவலையில்லை. பெரிய தோட்டாக்காரத் துவக்குகளை இரண்டு மூன்று வருடத்துக்கு முன்னம் சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். பொயின்ற் ருவென்ரி-ரூ என்கிற சின்னத் தோட்டாவுக்கு மட்டும் இன்னும் அனுமதி. கடதாசியில் ஓட்டை போட அது தாராளம்.

பட்ஜெற் முந்நூறு பவுண். ஓவர்ரைம் காசு. மனைவி கமலாம்பிகைக்கு விசயம் தெரியும், தொகை தெரியாது.

16 மார்ச், சனி

குறொய்டனுக்கு அங்கால் ஒரு துவக்குக் கடை. நான் உள்ளே போனதும் கடைக்காரன் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, விசயம் தெரிந்த ஆள் வந்திருக்கிறான் என்று விளங்கிவிட்டது அவனுக்கு.

அமெரிக்கன் புதுசு, வால்நட் பிடி, பத்துத் தோட்டாப் பெட்டி: இருநூற்றுப் பத்து. அதே துவக்கு பீச் மரத்தில்: நூற்று எழுபத்தைந்து. வெடிக்கு இரண்டும் ஒன்றே. மரம் பார்க்க மட்டும்தான். இன்னொன்று குழாய்க்குள் தோட்டாக்களை வரிசையாக இறக்குகிறது, நூற்று நாற்பது. மலிவு, ஆனால் எல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கிளப்பில் ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு துவக்கைத் திறந்து காட்ட வேண்டும். பெட்டி வைத்ததுதான் எனக்கு. கழற்றி மேசையில் வைத்தால் யாருக்கும் சந்தேகமில்லை.

நான் ஒன்று கேட்டேன், கடைக்காரன் அசந்துபோனான்: "வெடித்த தோட்டாவின் வெறும் கோது எந்தப் பக்கம் பறக்கும்?" இடக்கைக்காரனுக்கு அது முகத்துக்கு முன்னால் போகும். சில துவக்கு முன்பக்கமாக எறியும், சில பின்னுக்கு, கன்னத்தில் சூடு போடும். இதைக் கேட்ட முதல் வாடிக்கையாளன் நான்தானாம். (இதைக் கேட்கச் சொன்னவர் பீற்றர்.)

பிறகு அவன் சொன்னான்: "சேர், துவக்குக்கு மட்டும் கணக்குப் போடாதீர்கள்." இரும்பு அலுமாரி எழுபது. அனுமதிப்பத்திரக் கட்டணம். துடைக்கிற சாமான். உறை. தோட்டா. பொலிஸ் வந்து பார்க்க முதல் அலுமாரி சுவரில் இருக்க வேண்டும், துவக்கு இல்லாவிட்டாலும். வெறும் அலுமாரிக்கு எழுபது பவுண்!

வால்நட் மரம் போய்விட்டது. பரவாயில்லை.

27 மார்ச், புதன்

விண்ணப்பத்தில் என்னைத் தெரிந்த ஒரு பெரிய மனிதர் கையெழுத்து வேண்டும். நமது குடும்ப டொக்டர் கல்யாணசுந்தரத்திடம் போனேன். மதுரைக்காரர். ஆறு வருடமாக என் வயிற்றைத் தெரிந்தவர்.

"என்னங்க, வயித்து வலின்னு பாத்தா துப்பாக்கிக்குக் கையெழுத்தா?"

"கடதாசிக்குச் சுடுறதுதான் டொக்டர்."

"ஆமா, ஆமா. வெளிய உக்காந்திருக்கவங்க காதுல விழாம சொல்லுங்க." சிரித்துக்கொண்டே ஒவ்வொரு வரியும் படித்தார். பிறகுதான் போட்டார்.

28 மார்ச்

காரணம் எழுதுகிற இடம் சின்னது. என்னைப் போன்ற ஆளுக்கு அது எப்படிப் போதும்? தனித்தாள் எடுத்து முன் அனுபவம் எழுதி இணைத்தேன். வன்னிக் காட்டில் பன்னிரண்டு வருட வேட்டை. பதினான்கு காட்டுப்பன்றி. ஒரு சிறுத்தை. அனுபவம் உள்ளவனுக்குத்தானே துவக்கை நம்பிக் கொடுப்பார்கள். தபாலில் போட்டாயிற்று.

14 ஏப்ரல், ஞாயிறு

பெற்றோல் ஸ்ரேசனில் சூசைதாசன் என்னோடு ஒரே ஷிப்ட். ஊரில் அவன் வீடு எங்கள் டிப்போவுக்கு அடுத்த ஒழுங்கை. தாளின் பிரதியைக் காட்டினேன்.

"அம்பலண்ணை, றெய்னர்ஸ் லேன் கலியாணத்திலை ஒன்பது பண்டி எண்டியள்."

"அது சாப்பாட்டு மேசை. இது கவுண்மெந்துக்கு எழுதுறது. குறைச்சு எழுதக்கூடாது."

"சிறுத்தை எப்ப வந்தது?"

"நீ சிகரெற் பார்சலை அடுக்கு."

5 மே, ஞாயிறு

பீற்றருக்குப் பிரதியைக் காட்டினேன், சந்தோசப்படுவார் என்று. மனுசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டார்.

"அம்பல், இதை அனுப்பிவிட்டாயா?"

"ஓம்."

"அந்தத் துவக்குக்கு அங்கே லைசென்ஸ் இருந்ததா?"

எந்தத் துவக்கு? நான் குனிந்து சப்பாத்து நூலை இறுக்கினேன்.

"இது உண்மை என்றால், பன்னிரண்டு வருடம் களவுத் துவக்கு வைத்திருந்தேன் என்று பொலிசுக்கு நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய். பொய் என்றால் விண்ணப்பத்தில் பொய் எழுதினாய். அது குற்றம். எது?"

காரில் வரும்போது எங்கள் தெருவைத் தாண்டிப் போய்விட்டேன். மழைதான்.

6 மே

என்ன செய்யிறது இப்ப? உண்மையெண்டாலும் பிழை, பொய்யெண்டாலும் பிழை. அதுவும் டொக்டரின்ரை கையெழுத்தோடை போயிருக்கு. அந்த மனுசன் என்ன பாவம் செய்தது? எனக்குத் துவக்கு இல்லையெண்டால் போகட்டும் — இல்லை, போகக்கூடாது. ஆறு மாசம் ஒரு ஞாயிறு தவறாமல் போனனான். என்ரை சீவியத்திலை நான் ஒழுங்காய் முடிச்சது அது ஒண்டுதான்.

15 மே

கடிதம் வந்தது. அடுத்த கிழமை வியாழன் இரண்டு மணிக்குப் பொலிஸ் அதிகாரி வீட்டுக்கு வருவார்.

"இஞ்சருங்கோ, வியாழன் இரண்டு மணி நேரே இராகு காலம். போன் பண்ணி மாத்துங்கோ," என்கிறாள் கமலாம்பிகை. பொலிசுக்கு இராகு காலத்தை இங்கிலிசில் எப்படி விளக்குவது? பீற்றரைக் கேட்டேன். "தயவுசெய்து யாருக்கும் இனி ஒன்றும் விளக்காதே," என்றார்.

23 மே, வியாழன்

எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

அதிகாரி ஒன்றே காலுக்கே வந்துவிட்டார். கமலாம்பிகையின் முகம் மலர்ந்துவிட்டது. ஒன்றரைக்குப் பிறகுதானே இராகு காலம். கதவைத் திறந்து, "கம், கம், குயிக்," என்று மனுசனை இழுக்காத குறையாக உள்ளே கூட்டிவந்தாள்.

அலுமாரியைத் தட்டிப் பார்த்தார். நாலு ஆணியும் சுவருக்குள் இறங்கியிருக்கிறதா, பூட்டின் திறப்பை எங்கே வைப்பேன், வேறு யார் எடுப்பார்கள் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் சிங்கம்போலப் பதில் சொன்னேன். பிறகு பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தார்.

"இந்தச் சிறுத்தை எந்த வருடம்?"

"அறுபத்தெட்டு."

"யாருடைய துவக்கு?"

அறுபத்தெட்டில் வவுனியாவில் ஆறு துவக்குக்காரர் பெயர் எனக்குத் தெரியும். ஒன்றைச் சொன்னால் முடிந்தது. சொல்ல ஏலவில்லை.

அந்த நேரம் கமலாம்பிகை தேத்தண்ணியும் றோல்சும் கொண்டு வந்தாள். "லெப்பேட்" என்ற சொல் காதில் விழுந்திருக்க வேண்டும். தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"சேர், நோ லெப்பேட். ஹீ பஸ் கொண்டக்ரர். அதர் பீப்பிள் ஷூற்றிங் பிக். ஹீ ஒன்லி ஈற்றிங்."

அதிகாரி அவளைப் பார்த்தார்.

"எத்தனை பன்றி?"

கமலாம்பிகை யோசித்தாள். "வன் ஹாஃப். பிரைடே நோ ஈற்றிங்."

அவர் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. என் பக்கம் திரும்பினார். "இப்போது நீங்கள் சொல்லுங்கள்."

சொன்னேன். நான் முதன்முதல் துவக்கைத் தொட்டது போன செப்டெம்பரில், உங்கள் ஊரில், கிளப்பில். அதற்கு முதல் ரிக்கற் மெசின்தான். டொக்டர் கையெழுத்துப் போட்டபோது இந்தத் தாள் இல்லை; அவரில் பிழையில்லை.

அதை முதலில் குறித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "உங்கள் கிளப் பதிவேட்டைப் பார்த்தேன். ஆறு மாதத்தில் ஒரு பாதுகாப்புத் தவறும் இல்லை. நான் தேடியது அதை. இதை யார் கேட்டது?"

தாளில் எழுதியதைக் குறுக்கே கோடு போட்டு வெட்டச் சொன்னார். வெட்டினேன். பக்கத்தில் சின்னக் கையெழுத்து. கீழே என் கையால்: கிளப்பில் சேருமுன் அனுபவம் எதுவும் இல்லை. என் சீவியத்தில் இவ்வளவு கட்டையான வசனம் நான் எழுதியதில்லை. முடிவு தன் கையில் இல்லை, மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். றோல்ஸ் மூன்று சாப்பிட்டார்.

அவர் போனபிறகு, "வெள்ளைக்காரனுக்கு முன்னாலை என்னைக் கவிட்டுப்போட்டாய்," என்றேன்.

"நான் கவிட்டிருக்காட்டி அவன் உங்களை ஏத்திக்கொண்டு போயிருப்பான். தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது."

2 ஜூன்

கடிதம் இல்லை.

14 ஜூன், வெள்ளி

அனுமதிப்பத்திரம் வந்துவிட்டது! அரைத் தானியங்கி ஒன்று, பொயின்ற் ருவென்ரி-ரூ, கிளப்பில் குறிபார்த்துச் சுடுவதற்கு. டொக்டருக்குப் போன் பண்ணினேன். "அப்பாடா, வயித்தப் பாத்துக்கங்க," என்றார். சூசைதாசன் பார்ட்டி கேட்கிறான்.

6 ஜூலை, சனி

வாங்கினேன். கமலாம்பிகையும் வந்தாள், இனி என்னைத் தனிய விடமாட்டாளாம்.

செலவெல்லாம் போக மிச்சம் நூற்று ஐம்பது. பழசுதான் சரிவரும். அமெரிக்கன் பீச் மரம் இரண்டு இருந்தது. நூற்றுப் பத்துக்காரன் அழகு. ஆனால் துவக்கின் இலக்கத்தைக் கூட்டிப் பார்த்தால் எட்டு. கமலாம்பிகை கடை வாசலுக்குப் போய் நின்றுவிட்டாள். மற்றது நூற்று முப்பத்தைந்து, கூட்டுத்தொகை ஆறு, பிடியில் ஒரு கீறல். குழாய்க்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தேன், துருவில்லை. பெட்டியைக் கழற்றி மாட்டினேன், ஆடவில்லை. தோளில் வைத்தேன். என் இடத் தோளுக்கென்றே வளர்த்த மரம்போல இருந்தது. கடைக்காரன் இலக்கத்தைப் பத்திரத்தில் பதிந்து, "நல்ல தெரிவு," என்றான். எட்டுக்குப் பயந்து இருபத்தைந்து பவுண் கூடக் கொடுத்ததை அவனுக்குச் சொல்லவில்லை.

28 ஜூலை, ஞாயிறு

கோதுகள் முன்பக்கமாகத்தான் பறக்கின்றன. கன்னத்துக்குச் சேதமில்லை. இன்றைக்குச் சுட்ட பத்தும் ஒரே தேத்தண்ணிக் கோப்பையால் மூடக்கூடிய இடத்தில். கோப்பை கொஞ்சம் பெரியதாக இருக்க வேண்டும்.

புதிதாக ஒரு பெடியன் சேர்ந்திருக்கிறான், சர்வகலாசாலையில் படிக்கிறானாம். நான் பெட்டியைக் கழற்றித் துவக்கைத் திறந்து மேசையில் வைப்பதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "எவ்வளவு காலமாகச் சுடுகிறீர்கள் சேர்?" என்று கேட்டான். பீற்றர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். காது மட்டும் இந்தப் பக்கம்.

"பதினொரு மாதம்," என்றேன்.

சரியாகச் சொன்னால் பத்தரை.