வாழை, சாவி, வண்டி

அக்டோபர் 7, செவ்வாய்

சின்னமனூர். காலையில் தூறல், பிறகு வெயில். வாங்க வேண்டியவை: பி.பி. மாத்திரை, அடுப்பு லைட்டர், வசந்தாவுக்குச் செருப்பு (ஒற்றைச் செருப்போடு வாய்க்கால் பக்கமிருந்து வந்தாள்).

மதுரை நரம்பியல் டாக்டரம்மா நேற்றுச் சொன்னது, நோட்டில் உள்ளபடி: "ஞாபகப் பரீட்சையில மார்க் கம்மிதான் சார். உங்க சம்சாரத்துக்கு ஜுரம் வேற இருக்கு. அடுத்த திங்கள் திரும்பப் பார்ப்போம். ரெண்டு மார்க் கூடினா ஸ்கேன் எடுத்துட்டு மருந்தைப் பத்தி யோசிக்கலாம்."

மூளையில் படியும் புரதத்தைக் கரைக்கிற புதிய மருந்து. மறதியைக் குணமாக்காது, மெதுவாக்கும். ஆரம்ப நிலையில் மட்டும். நிருபராக இருந்தபோது நான் எழுதிய செய்திதான். அந்தக் கடைசி வரியை இடமில்லை என்று பத்திரிகை டெஸ்க்கில் வெட்டினார்கள். அன்று பெரிதாகத் தோன்றவில்லை.

கேட்ட கேள்விகளையெல்லாம் பழக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன். தேதி, கிழமை, சொந்த மாவட்டம். நினைவில் வைக்கச் சொன்ன மூன்று சொற்கள்: வாழை, சாவி, வண்டி. நேற்று ஒன்றுகூட அவளுக்கு வரவில்லை.

இன்னும் ஆறு நாள். பதில் சொல்லிக் கொடுக்கக்கூடாது என்று தெரியும்.

அக். 9, வியாழன்

மழை இல்லை. காலை பத்து, மாலை நான்கு. எதிரே நாற்காலி, கையில் நோட்டு. நாற்பது வருடமாக வேறு விதமாக யாரிடமும் கேள்வி கேட்டதில்லை.

ஜன்னலில் அவள் தங்கை பாண்டியம்மாள்: "என்ன மச்சான், எங்க அக்காவக் கலெக்டர் பரீட்சைக்கா அனுப்பப் போறீக?"

வசந்தா சிரித்தாள். அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே.

மாவட்டம்? "மதுரை." தேனி தனியாகப் பிரிந்த அன்று தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தவள்.

அக். 12, ஞாயிறு

மூன்று சொற்களும் தடுமாறாமல் வந்தன. ஐந்து முறை. ஒரு வருடம் கூடக் கிடைத்தால் போதும். அதற்கு மேல் கேட்கவில்லை.

அக். 13, திங்கள்

முதல் பஸ். ஆண்டிபட்டி கணவாயில் மழை. பத்தரைக்கு உள்ளே.

தேதி, கிழமை சரி. மாவட்டம் தேனி. டாக்டரம்மா நிமிர்ந்தார். "இப்ப மூணு வார்த்தை சொல்றேன்மா. பால், கதவு, சேவல்."

"வாழை, சாவி, வண்டி!" பெருமையாக என் பக்கம் திரும்பினாள்.

டாக்டரம்மாவும் திரும்பினார். "யாரும்மா சொல்லிக் கொடுத்தது?"

"இந்தா, இந்தப் பேப்பர்காரருதான். தெனம் வந்து கேப்பாக, எழுதிக்கிட்டுப் போவாக. நல்ல மனுசன்."

ஸ்கேனுக்குச் சீட்டு இல்லை. "இனிமே எதுவும் கேக்காதீங்க சார். சும்மா கூட இருங்க."

திரும்பும் வழியில் செருப்பு வாங்க மறந்துவிட்டேன்.

அக். 14, செவ்வாய்

வெயில். பத்து மணிக்கு நாற்காலியை அவள் பக்கத்தில் போட்டேன். நோட்டு எடுக்கவில்லை.

என் வெறுங்கையைப் பார்த்தாள். "இன்னைக்குக் கேள்வி இல்லையா?"

இல்லை என்றேன்.

"அப்ப எந்திரிச்சுப் போங்க. வீட்ல உங்க சம்சாரம் தேட மாட்டாகளா?"