ஈரத்துக்குக் கழிக்கிற கடை

ஜூன் 11, 2024
மதியம் 2.40. டீ ஃபேக்டரியில் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் கிரீஸ். கூட வேலை செய்யும் விஜயன்தான் போனை என் காதில் வைத்தான். கூடலூரிலிருந்து என் மனைவி வந்த ஜீப் கவிழ்ந்துவிட்டது. லிஜி இல்லை.
அப்புறமும் மோட்டார் மூடியை மாட்டி போல்ட்டெல்லாம் முறுக்கினேனாம். விஜயன் சொல்கிறான். ஏன் அப்படிச் செய்தேன்?

ஜூன் 19
போலீஸ் ஒரு பையைக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் தக்காளி, கத்தரிக்காய், பொம்மைத் தராசு. இதை வாங்கத்தான் போயிருந்தாள். சனிக்கிழமைகளில் ஒரு காலி ரூமில் எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடை விளையாட்டு வைத்து, பாட்டுப் பாடி இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பாள்.

ஜூன் 30
அழுகை வரவில்லை.

ஜூலை 7
அவள் பாட்டு போனில் இருக்கிறது. கீபோர்டு வாசித்துக்கொண்டே, கடைக்கு வந்தவள் மாதிரி, "டொமேட்டோ, டொமேட்டோ, ஹவ் மச்?" பிறகு பிள்ளைகள் விலை சொல்ல இடம் விட்டு வாசிப்பாள். வீட்டில் போட்டால் அந்த இடத்தில் தகரக் கூரையில் மழைச் சத்தம் மட்டும்தான். திரும்பத் திரும்பப் போடுகிறேன். ஒவ்வொரு தடவையும் காத்திருக்கிறாள்.

ஜூலை 20
எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் தெய்வம்மா அக்கா, மகள் தாரிணியோடு வந்தார். "ஏனுங்க சார், டீச்சர் பாட்டு உங்க போன்ல இருக்குதாமா. சனிக்கிழமையானா புள்ளைங்க அந்த ரூம் வாசல்லயே வந்து உக்காந்துக்குதுங்க. ஒருக்கா போட்டு உடுங்களேன்."
முடியாதுன்னுட்டேன். கதவச் சாத்திட்டேன். எங்கிட்ட மிச்சமிருக்கறது அந்தக் குரல் ஒண்ணுதான். அதையும் எல்லாருக்கும் எப்படிக் குடுக்கறது?
வெளியே தாரிணி சொன்னது கேட்டது. "பிசினாறி சார்."
"வாய மூடுடி!"

ஆகஸ்ட் 3
போனேன். பொம்மைப் பையையும் அந்த ரூமுக்கு எடுத்துப் போனேன்.
பாட்டைப் போட்டேன். அவள் விட்ட இடத்தில் எல்லாத் தொண்டையும் சேர்ந்து, "டென் ருபீஸ்!"
ஓ. இந்தப் பாட்டு இப்படித்தான் இருக்குமா.

ஆகஸ்ட் 10
தாரிணி கடைக்காரி. என்னை வாங்க வரச் சொன்னார்கள். "ஒன் கிலோ டொமேட்டோ, ப்ளீஸ்." பொம்மைத் தராசில் நிறுத்தாள். பிறகு ஒரு தக்காளியை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.
"அது ஏம்மா?"
"ஈரத்துக்குக் கழிவுங்க சார். மழை பேயுதுல்ல."
"பிளாஸ்டிக் தக்காளிக்கு ஏது ஈரம்? ஈரமா இருந்தா வாங்கறவனுக்கு ஒண்ணு கூடத்தான போடணும்?"
"எங்கம்மா கொழுந்துக்கு மட்டும் கழிக்கறாங்கல்ல?"
இவள் பார்த்த தராசெல்லாம், இலை ஈரமென்று எடையைக் கழித்துக் கூலி போடுகிற கொழுந்துத் தராசுதான். கழிக்காத எடையையே பார்த்ததில்லை.
சிரித்துவிட்டேன். லிஜியிடம் உடனே சொல்ல வேண்டும் என்று போனை எடுத்து அவள் பெயரைத் தேடினேன். விரல் நின்றுவிட்டது.
அழுதுட்டேன். புள்ளைங்க முன்னாடியே. நிறுத்தவே முடியல.
தாரிணி அந்தத் தக்காளியை என் பையில் போட்டாள். "அழுவாதீங்க சார். உங்களுக்குக் கழிக்கல."

ஆகஸ்ட் 17
பாட்டைப் போடப் போனேன். "வேண்டாங்க சார், டீச்சர் பார்ட்டும் எங்களுக்குத் தெரியும். நீங்க வாசிங்க" என்றாள் தாரிணி. எனக்குத் தெரிந்தது வயரிங்தான். லிஜியின் கீபோர்டை ஒற்றை விரலால் தட்டினேன். "கரண்ட் கட் ஆயி ஆயி வருது" என்று ஒருத்தன் கத்தினான். ஆனாலும் பாடினார்கள். பாதிப் பேர் ஹவ் மச் கேட்க, மீதிப் பேர் விலை சொன்னார்கள்.
இப்போது வீட்டில் இருக்கிறேன். மழை விடவில்லை. அந்த மெட்டை விரல் மேசையில் தட்டிக்கொண்டே இருக்கிறது. இன்று அவள் பாட்டைப் போடவில்லை; போனை ஸ்விட்ச் ஆஃப் செய்துவிட்டேன்.