கடைசி வரி

அன்புள்ள தம்பிக்கு, அக்கா சொல்லச் சொல்ல எதிர்வீட்டுத் தையல்காரர் எழுதுவது. நீ உடனே புறப்பட்டு வா. நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்று போகப் போகத் தெரியும்.

உன் நிலத்தில் போர்டு வைக்கச் சொல்லிப் போன வருஷம் எழுதியிருந்தாய். வக்கீலும் அதையேதான் சொன்னார். "சும்மா விட்டா நடந்து நடந்தே வழியாக்கிடுவாங்கம்மா. எல்லையில கம்பி கட்டுங்க, மரத்துல பெயிண்ட் அடிங்க, நுழையிற இடத்துல சொந்தக்காரர் பேரோட போர்டு வைங்க" என்றார். கம்பி கட்டினேன். மரத்துக்கெல்லாம் சிவப்புப் பட்டை அடித்தேன். போர்டு எழுத ஒரு பெயிண்டரைப் பிடித்தேன். அந்த மனுஷன் கதை தனிக்கதை. பிரஷ் கொண்டுவந்தால் ஏணியை மறப்பார், ஏணியோடு வந்தால் பிரஷ்ஷை மறப்பார். எழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். மேலே உன் பெயர், நடுவில் "இது பொது வழி", இடம் போதாமல் கீழே தனியாக "அல்ல". அன்றைக்கு ஏணியை மறந்த நாள். என் இடுப்பு உயரத்துக்கே போர்டை அடித்துவிட்டுப் போனார்.

காவலுக்கு இருக்கட்டும் என்று கிடாவை அந்தப் போர்டுக் கம்பத்தில்தான் கட்டினேன். முதுகு அரித்தால் அது எங்கே போய்த் தேய்க்கும்? எட்டு மாதம் தேய்த்ததில் "அல்ல" போய்விட்டது. எழுத்துத் தெரியாத நான் தினமும் போர்டைத் துடைத்து, உன் பெயர் பளபளவென்று இருக்கிறதே என்று பூரித்துப்போனேன்.

பக்கத்துக் கல்குவாரி முதலாளி அதைப் படம் பிடித்துக் கோர்ட்டில் கொடுத்துவிட்டார். "உங்க தம்பியே எழுதி வச்சிருக்காரேக்கா" என்று என்னிடமே சிரிக்கிறார். அவர் லாரிகள் உன் நிலத்துக்குள் புகுந்து, அடுப்படிச் சுவரை உரசிக்கொண்டு போகின்றன. வெடிப்பில் என் கை நுழைகிறது. பாத்திரங்களைத் தரையில் இறக்கி வைத்துவிட்டேன். படுக்கையை வாசலுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன், விழுந்தால் ஓட வசதியாக.

இருபதாம் தேதி விசாரணை. "சொந்தக்காரர் நேர்ல வந்து சொல்லணும், நீங்க சொன்னா எடுபடாது" என்கிறார் வக்கீல்.

மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. மூன்றிலும் உன் நலம் கேட்டு, பிள்ளைகளைக் கேட்டு, ஆட்டுக் கதையெல்லாம் சொல்லி, கடைசி வரியில்தான் வரச் சொல்லியிருந்தேன். அந்தக் கடைசி வரி உன் கண்ணில் படவில்லை என்றே நினைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தைத் தையல்காரரை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன். எங்கே இருந்தாலும் நன்றாக இரு. மேலே எழுதியதையே கீழேயும் எழுதச் சொல்கிறேன். வா.

உன் அக்கா