அக்கரை ஆள்

ஒல்கேரி
6 ஆகஸ்ட் 1997

சிரோங்காவின் அப்பாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறதா? நாங்கள் இருக்கிறோம். மாடுகள்தான் குறைந்துவிட்டன.

முந்தாநாள் பட்டிக்குள் சிங்கம் இறங்கிவிட்டது. கிழக்குப் பக்கம் முள்வேலி சரிந்து கிடந்ததே, அதே இடம். "முள்ளு வெட்டிப் போட்டுட்டுத்தான் முகாமுக்குப் போவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்களே, அந்த இடம். சாம்பல்காரி போய்விட்டாள். கன்று ஈன இருந்த சிவப்பியும் போய்விட்டாள். கொள்ளிக்கட்டையை வீசிக் கத்தினேன். அந்தப் பெண் சிங்கம் என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

முகாமில் நைரோபிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிங்கத்தின் கால்தடம் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறீர்களாமே. இங்கே வாசலிலேயே நிறைய இருக்கிறது, கூட்டி வாருங்கள்.

சிவப்பியை அது பாதி தின்றுவிட்டு ஆற்றுப் பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறது. மறுபடி வரும். உடனே வாருங்கள்.

ரெசியாடோ


ஆற்று முகாம்
8 ஆகஸ்ட்

அன்புள்ள ரெசியாடோ,

மாவு லாரியில் உன் கடிதம் வந்தது. படித்ததும் உகாலிக் களியைப் பாதியில் வைத்துவிட்டேன். ஆனாலும் நான் எப்படி வருவது? இந்தப் பிள்ளைகளுக்குத் தீ மூட்டக்கூடத் தெரியாது. விட்டுவிட்டு வந்தால் அடுத்த விடுமுறைக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

முகாம் முடியும்வரை மாடுகளை உன் அண்ணன் பட்டியில் அடைத்துவை. கோபத்தில் எதுவும் செய்துவிடாதே. அந்தச் சிங்கத்துக்கும் குட்டிகள் இருக்கின்றன.

லெகிஷோன்


நாரோக் ஆஸ்பத்திரி
12 ஆகஸ்ட்

ரெசியாடோ,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

கழுகு இறங்கும் இடத்தில் இரை கிடக்கும் என்று சொல்லிக்கொடுத்துப் பிள்ளைகளை நேற்று அழைத்துப் போனேன். அங்கே கிடந்தது நம் சிவப்பி. தோலில் நம் சூட்டுக்குறி. சுற்றிலும் கழுகுகள் இறக்கை விரித்தபடி செத்துக் கிடந்தன. கொஞ்சம் தள்ளி அந்தப் பெண் சிங்கம். இறைச்சியில் ஊதாக் குருணை. உன் தக்காளிக்கென்று நான் வாங்கிவந்த பூச்சிமருந்து.

ஒரு கழுகுக்கு மட்டும் உயிர் இருந்தது. முவெண்டே என்று ஒரு பெண், பதினான்கு வயது. "சார், இது மூச்சு விடுது சார்!" என்று நான் தடுப்பதற்குள் அதை மடியில் வைத்து, அலகில் இருந்த நுரையைத் துடைத்துவிட்டாள். அதே கையால் தன் முகத்தையும் துடைத்தாள். பாதி வழியில் வாயில் எச்சில் ஒழுக விழுந்தாள். இப்போது ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். கண் திறக்கவில்லை. அவளுடைய அம்மா பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார். அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

உனக்கு மூளை இருக்கிறதா? சிரோங்கா அந்தப் பக்கம் போயிருந்தால்?

பிள்ளைகளிடம் உன் பெயரைச் சொல்லவில்லை. அக்கரையில் யாரோ ஒரு படிக்காத முட்டாள் மாட்டைத் திருடி வந்து செய்த வேலை என்று சொல்லியிருக்கிறேன். வனக்காவலர்களிடமும் அதையே சொன்னேன். நீ வாயைத் திறக்காதே.

லெகிஷோன்


ஒல்கேரி
15 ஆகஸ்ட்

சிரோங்காவின் அப்பாவுக்கு,

அந்தப் பெண் கண் திறந்துவிட்டாள் என்று லாரிக்காரர் சொன்னார். அதைக் கேட்கும்வரை ஒரு வாய் பால்கூட நான் குடிக்கவில்லை. நம்பினால் நம்புங்கள்.

உங்கள் அக்கரை முட்டாள் அகப்பட்டுவிட்டார், தெரியுமா? கிசியோங். அவரும் தக்காளி போடுகிறவர்தானே, வீட்டில் அதே ஊதாக் குருணை இருந்ததாம். பெண்டாட்டி பிள்ளைகளுக்கு முன்னால் வனக்காவலர்கள் அடித்து இழுத்துப் போனார்கள். என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன் என்பீர்கள். நீங்கள் காப்பாற்றியது முகாமில் உங்கள் பெயரை.

நேற்று முகாமுக்கு நடந்தே போனேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். பிள்ளைகள் இருந்தார்கள், காவலர்களும் இருந்தார்கள். "மருந்து வச்சது நான்தான். உங்க லெகிஷோன் சாரோட பொண்டாட்டி" என்றேன்.

ஒரு பையன் எழுந்து கத்தினான். "உங்களுக்கு வெட்கமா இல்லையா?"

"இருக்குப்பா. முவெண்டேயை நெனச்சா இருக்கு. கழுகுங்களை நெனச்சாலும் இருக்கு. அந்தச் சிங்கத்தை நெனச்சாத்தான் இன்னும் வரமாட்டேங்குது."

இன்னொரு பெண் மெதுவாகக் கேட்டாள். "சார் வர்ற வரைக்கும் காத்திருந்திருக்கலாமே, ஆன்ட்டி?"

"நான் காத்துக்கிட்டுத்தாம்மா இருந்தேன். அந்தச் சிங்கம் காத்திருக்கல."



கிசியோங்கை விட்டுவிட்டார்கள். முகமெல்லாம் வீக்கம். என்னைப் பார்க்காமலே கடந்து போனார். என்னை இப்போதைக்கு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள், திங்கட்கிழமை நான் கோர்ட்டில் நிற்க வேண்டும். சிரோங்கா என் அண்ணன் வீட்டில் இருப்பான்.

முகாம் முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். முவெண்டே எழுந்து நடக்கட்டும். அவளும் அவளுடைய அம்மாவும் சம்மதித்தால் இங்கே அழைத்து வாருங்கள். என்னைத் திட்டும் உரிமை அவளுக்கு இருக்கிறது. நின்று கேட்டுக்கொள்வேன்.

உங்களுக்கு அந்த உரிமை கிடையாது. அவள் திட்டி முடிக்கும்வரை நீங்கள் வெளியே மாடுகளோடு நில்லுங்கள்.

ரெசியாடோ