அந்தப் போரில் கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை

ஃப்ளெக்ஸில் உங்கள் இனிஷியலைத் தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்பதற்காக நான் அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். பால் கொண்டுவரும் செல்வி சொன்னாள். நான் கர்வம் பிடித்தவள் என்றும் சொல்கிறார்களாம். அதைத் திருத்த வேண்டியதில்லை. ஆனால் ஃப்ளெக்ஸ் திரும்பிப் போனதற்கு இனிஷியல் காரணம் இல்லை. இனிஷியலும் தப்புதான்; அது இரண்டாவது.

முன்னாள் படைவீரர்கள் இரண்டு பேர் அதைச் சுருட்டி எடுத்துவந்து நம் கூடத்தில் விரித்தார்கள். விரித்ததும் ஒரு வாடை எழுந்தது. காயாத பெயிண்டும் ரப்பரும் சேர்ந்த வாடை. லீவில் வரும்போது உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் அடிக்குமே, அதே வாடை. நீங்கள் கண்ணை மூடி ஒன்பது மாதத்தில் வீட்டுக்குள் அது வந்தது அன்றுதான். குனிந்து அதன் ஓரத்தை முகர்ந்து பார்த்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு எழுத்தைப் படித்தேன். ‘எழுபத்தொன்றாம் வருடப் போரில் குண்டடிபட்ட கப்பலை மூழ்காமல் காத்த மாவீரர்.’ பின்னால் ஏதோ புதுக் கப்பலின் படம். குடியரசு தினத்தன்று வெள்ளிமலை மேல் பள்ளிக்கூடத்தில் உங்கள் படத்தைத் திறந்து வைக்கப்போகிறார்கள், அதற்காக இது.

இரண்டையும் சுட்டிக் காட்டினேன். வந்தவர்களில் மூத்தவர் சிரித்தார்.

“இன்னாம்மா, இனிஷியல்தானே? மேல ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம், தெரியாது.”

“வாசகமும் தப்பு. அந்தப் போரில் கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடிபட்டது அதற்கு முந்தின உலகப் போரில். அப்போது இவர் பிறக்கவே இல்லை.”

“அத்த யாரும்மா பாக்கப் போறாங்க? கப்பல் ஒண்ணுதானே?”

“கப்பல் ஒன்றுதான். போர் வேறு.”

“அப்போ சார் இன்னாதாம்மா பண்ணாரு?”

ஐம்பது வருடத்துக்கு மேல் உங்களோடு வாழ்ந்தவள், கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றேன். அந்தக் கோபத்தில்தான் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

கப்பலின் கதை எனக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் எழுதித் தெரிந்ததுதான். கல்யாணமான புதிதில் பம்பாயிலிருந்து நீல இன்லண்ட் கடிதத்தில் எழுதுவீர்கள். அந்தப் பெரிய குரூசர் போர்க்கப்பல் வெள்ளைக்காரர்களிடமிருந்து நாம் வாங்கியது என்று எழுதினீர்கள். உலகப் போரில் முற்றுகையிலிருந்த ஒரு தீவுக்குச் சரக்குக் கப்பல்களைக் காவல் காத்து அழைத்துப் போனது. இருட்டுகிற நேரத்தில் நீர்மூழ்கி ஒன்று விட்ட டார்பிடோ முன்பக்கத்தில் பாய்ந்தது. மூக்கு தண்ணீரில் இறங்கிப் போக, உள்ளே இருந்த பையன்கள் இருந்த இடத்திலேயே செத்தார்கள். கப்பல் மட்டும் மூழ்கவில்லை. அந்த ஓட்டையோடு மெல்ல ஊர்ந்து துறைமுகம் சேர்ந்து, பிறகு கடல் தாண்டிப் போய் முகத்தைப் புதிதாகப் பொருத்திக்கொண்டு வந்தது. இதையெல்லாம் நீங்கள் எழுதியிருந்த விதம் எனக்குப் பிடிக்கும். எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி வைத்திருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

பழைய இரும்பும் புது இரும்பும் சேருகிற இடம் நீங்கள் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் கையால் தடவினால் தட்டுப்படும் என்று எழுதினீர்கள். ‘படுக்கும்போது தினமும் தொட்டுப் பார்ப்பேன்’ என்று ஒரு வரி. ஏன் தினமும் தொட வேண்டும் என்று நான் கேட்டதில்லை.

மலைமேல் அதே பள்ளியில் முன்பு ஒரு சுதந்திர தினத்துக்கு உங்களைப் பேசக் கூப்பிட்டார்கள். வெள்ளை வேட்டி கட்டி, பதக்கத்தைக் குத்திக்கொண்டு, என்னை முதல் வரிசையில் உட்காரவைத்துவிட்டு மேடை ஏறினீர்கள். கொஞ்ச நேரம் மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் கடைசியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்:

“கீழ தண்ணி பூந்துடுச்சு. ஒருத்தன் ஏணில ஏறிக்கினு இருந்தான். அவன் வர்றதுக்குள்ள நான் மேல இருந்த இரும்பு மூடிய போட்டு மூடிட்டேன். யாரும் சொல்லல. நான்தான் மூடினேன்.”

நான் எழுந்தேன். “மன்னிக்க வேண்டும்,” என்றேன். “அது உலகப் போரில் நடந்தது. இவர் அப்போது பிறக்கவே இல்லை. பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும்.”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். “மேடம் சொல்றதுதான் கரெக்ட்டு,” என்றீர்கள். அதற்கும் கைதட்டினார்கள். வந்து உட்கார்ந்துவிட்டீர்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகள் முடிந்ததும், “செத்துப்போன பையன்கள் கதையை உங்கள் கதையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்க வேண்டுமா?” என்று கேட்டேன். “வேணாம்,” என்றீர்கள். அதன்பிறகு கப்பலைப் பற்றி நீங்கள் பேசி நான் கேட்டதில்லை. திருத்தம் பலித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஃப்ளெக்ஸ் திரும்பிப் போன அடுத்த வாரம் அண்ணாமலை வந்தார். உங்களோடு கப்பலில் இருந்த வெள்ளிமலைக்காரர். அவரை நான் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது இதுதான் முதல் தடவை. மலைமேல் சாராயம் காய்ச்சும்போது அடுப்பு வெடித்து விரல் போனவர் என்று ஊர் சொன்னது. நானும் அதையேதான் நினைத்திருந்தேன். ‘அந்த மாதிரி ஆட்களை வீட்டுக்கு அழைத்து வராதீர்கள்’ என்று உங்களிடம் ஒருமுறை சொன்னேன். சரி என்று தலையை ஆட்டினீர்கள். தலையை ஆட்டினீர்கள் என்பதை இந்த மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு பை சாமை அரிசி கொண்டுவந்திருந்தார். வலது கையைத் துண்டுக்குள் வைத்திருந்தார். உட்காரச் சொல்லியும் நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்தார்.

“அண்ணி, அந்த பேனர வேணாம்னு திருப்பி வுட்டீங்களாமே.”

“ஆமாம்.”

“பெரிய மனசு அண்ணி உங்களுக்கு. புருசன் பேர்ல வர்ற பேனர யார் வேணாம்னு சொல்லுவா? கடசியா அவன் சொல்லிட்டான்போல உங்ககிட்ட.”

என் முன்னால் உங்களை யாரும் அவன் என்று சொன்னதில்லை. “எதைச் சொல்லிவிட்டார்?” என்று கேட்டேன்.

அவர் துண்டை எடுத்துவிட்டுக் கையை மேசைமேல் வைத்தார். இரண்டு விரல் இல்லை. மூன்றாவது வளைந்தே நின்றுவிட்டது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எங்காவது தப்பிருந்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

“டிசம்பர் மாசம். பக்கத்துல வந்த சின்ன கப்பலு, கீழ நீர்மூழ்கி கீதுன்னு சந்தேகப்பட்டு கடலுக்குள்ள குண்டு போட்டுது. நம்ம கப்பலே ஆடிப் போச்சு. நான் கீழ் அறையில. பழைய கப்பலாச்சே, ஒரு தண்ணிக் குழாய் தெறிச்சி வுட்டுடுச்சு. குழாய்தான் அண்ணி. வேற ஒண்ணும் இல்ல. நான் ஏணில ஏறி வந்துகினு இருந்தேன். மேல அவன். தண்ணியப் பாத்தான். வெள்ளக்காரன் காலத்து ஓட்ட மறுபடி தொறந்துக்கிச்சுன்னு நெனச்சிட்டான். எந்நேரமும் அந்த தழும்பையே தடவிக்கினு இருந்தவன்தானே. ஆர்டர் வரல. கீழ ஆள் கீதான்னு பாக்கல. இரும்பு மூடிய போட்டு மேல ஏறி நின்னுட்டான். என் கை வெளிம்புல இருந்துது.”

“எவ்வளவு நேரம்?”

“கால் மணி நேரம் இருக்கும். முட்டி வரைக்கும்தான் தண்ணி. நான் இந்த எடது கையால தட்டிக்கினே இருந்தேன். அவனுக்குக் கேட்டுது. அவனே சொன்னான், கேட்டுதுன்னு.”

விசாரணை நடந்ததாம். அதற்கு முதல் நாள் நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போய் அவரிடம் அழுதீர்களாம். தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறது, கன்வென்ட்டில் படித்த பெண், இது வெளியே வந்தால் எல்லாம் போச்சு என்று சொன்னீர்களாம். அண்ணாமலை தன் கவனக்குறைவால் கை நசுங்கியதாக எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். இடது கையால். அவரைக் கடற்படையிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

“ஊர்ல வந்து கப்பல்ல போன கைன்னு சொன்னேன். போர்ல கப்பலுக்கு ஒண்ணுமே ஆவலியே, ரேடியோல சொன்னானேன்னு கேட்டாங்க. அடுப்பு வெடிச்ச கைன்னு பேர் வெச்சாங்க. சாராய ரெய்டுக்கு வர்றவங்க மொதல்ல என் வூட்டாண்டதான் நிப்பாங்க. என் பொண்டாட்டியே நம்பல அண்ணி. அதான் அவன்கிட்ட கேட்டேன். ஒரே ஒருவாட்டி எங்க ஜனத்து முன்னாடி வந்து சொல்லிட்டுப் போடான்னு. வந்தான். கடசில நின்னுக்கினு கேட்டேன். என் பொண்டாட்டியும் வந்திருந்தா. சொல்ல ஆரம்பிச்சான்…”

மிச்சம் எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

உண்மை தெரிந்துதான் நான் ஃப்ளெக்ஸைத் திருப்பினேன் என்று நினைத்து, நன்றி சொல்ல மலையிறங்கி வந்திருக்கிறார். அந்த நன்றியை நான் வாங்கிக்கொண்டிருக்கலாம். வாங்கவில்லை. வருடம் தப்பு என்பதற்காகத்தான் திருப்பினேன் என்று சொன்னேன். அன்று மேடையில் குறுக்கிட்டதும் அதற்காகத்தான் என்றும் சொன்னேன்.

அவர் சிரித்தார். வருத்தமோ கோபமோ இல்லாத சிரிப்பு. அதனால்தான் தாங்க முடியவில்லை. “நீங்க சொன்ன வருசம் கரெக்ட்டுதான் அண்ணி,” என்றார்.

குடியரசு தினத்தன்று, நடந்ததையெல்லாம் எழுதிய தாளோடு மலைக்குப் போனேன். அண்ணாமலை வேண்டாம் என்றுதான் சொன்னார். “ஊர்ல பேசினவன்லாம் செத்துட்டான். என் பொண்டாட்டியும் போய்ச் சேந்துட்டா, அடுப்பு வெடிச்சதுன்னே நம்பிக்கினு. இனிமே யாருக்கு?” என்றார். இருந்தாலும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். படம் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, யார் மூடினார், யார் விரல் போனது, யார் பொய் எழுதினார், யார் குறுக்கிட்டார் என்று நான்கையும் பெயரோடு படித்தேன். உங்கள் பெயரைச் சரியான இனிஷியலோடு படித்தேன்.

கொடியேற்ற வந்த பெரியவர்கள் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு சின்னப் பெண் கேட்டாள், “கப்பல் முழுவிப் போச்சா ஆயா?”

“இல்லை. கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை.”

அவளுக்கு அதோடு ஆர்வம் போய்விட்டது. மிட்டாய் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

தாளின் ஒரு பிரதியை அண்ணாமலையிடம் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பஸ் வரும்வரை என்னோடு நின்றார். பஸ் வந்து நின்ற பிறகுதான் அதைச் சொன்னார். “அன்னிக்கு நீங்க எழுந்தப்ப எனக்கு உங்க மேல ஆத்திரம் வர்ல அண்ணி. நான் அவன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன். நீங்க ஏந்திரிச்சதும் அப்பாடான்னு ஆயிட்டான்.”

வளைவுகள் முழுவதும் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். உங்கள் வாயை அடைத்தவள் நான் என்ற பாரம் என்னுடையது. அதை யாரிடமும் இறக்கிவைக்கப் போவதில்லை. ஆனால் என் திருத்தத்துக்குப் பின்னால் நீங்கள் ஒளிந்துகொண்டிருந்தால் அது வேறு கணக்கு. அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் நாம் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தோம். ஒரு மத்தியானம், சாப்பிட்டு முடித்த பிறகு, ‘அன்றைக்கு நான் சொன்னது பொய் இல்லை’ என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நானே உங்களைக் கைப்பிடித்து மறுபடி மலைக்கு அழைத்துப் போயிருப்பேன். அண்ணாமலையின் மனைவி அப்போது உயிரோடு இருந்தாள்.

நான் எழுந்தபோது உங்களுக்கு நிம்மதியாக இருந்ததா? நான் பெரிதாகக் கேட்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். கேட்பதைச் சுற்றிவளைக்காமல் கேட்பேன். உங்கள் கையெழுத்தில், பிழைகள் இருந்தாலும் பரவாயில்லை, எனக்குப் பதில் எழுதுங்கள்.